இந்தப் பரீட்சையில் எனக்கே அதிக மதிப்பெண்

சிட்டுங்விசா,
ஞாயிறு, மழை விட்ட பிறகு.

அன்பு மகள் விம்பாய்க்கு,

நீ அங்கே சுகமாக எழுந்தாய் என்றால் நாங்களும் இங்கே சுகமாக எழுந்தோம்.

கையெழுத்தைப் பார்த்துத் திகைக்காதே. நான் சொல்லச் சொல்ல அப்பா எழுதுகிறார். என் வலது மணிக்கட்டு முறிந்து மாவுக்கட்டில் இருக்கிறது. போனில் சொன்னால் நீ அழுவாய், அங்கே நீ பார்த்துக்கொள்ளும் முதியவர்களை விட்டு வரவும் முடியாமல் தவிப்பாய். அதனால்தான் பக்கத்து வீட்டு டொண்டராயின் அம்மா லண்டனுக்குப் புறப்படும்போது இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

நீ சொன்னாயே என்று அப்பாவை ஆலயக் கூடத்தில் நடந்த முகாமுக்கு அழைத்துப் போனேன். வயதானவர்களின் உடல் எவ்வளவு நலிந்திருக்கிறது என்று மதிப்பெண் போட்டார்கள். மதிப்பெண் கூடினால், விழுந்தால் எலும்பு முறிகிற ஆபத்தும் கூடுமாம். கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழச் சொன்னார்கள். நடக்கவிட்டு நேரம் பார்த்தார்கள். பிறகு கைவலு அளக்கும் ஒரு பிடியைக் கொடுத்து இறுக்கச் சொன்னார்கள். சுரங்கத்தின் கால்பந்து அணிக்குக் கோல் காத்த கை அல்லவா, அப்பா சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்து இறுக்கினார். முள் அசையவே இல்லை. வரிசையில் நின்ற கிழவர்கள் விடுவார்களா? “என்ன ஷும்பா, பந்து கால் நடுவுல போயிடுச்சா?” என்று அப்பாவின் குலப்பெயரைச் சொல்லி ஒருவர் கேட்டார். அப்பா மடித்த சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார். (இதை எழுத மாட்டேன் என்றார். எழுத வைத்துவிட்டேன்.)

மதிப்பெண் போட்ட நர்ஸ், சிஸ்டர் மேவிஸ், என்னையும் கூப்பிட்டார். நான் துணைக்கு வந்தவள் என்று சொல்லி நழுவிவிட்டேன்.

அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அப்பாவின் சைக்கிளைப் பூட்டிச் சாவியை மாவு டின்னுக்குள் போட்டேன். சோளக்கொல்லைப் பக்கம் போகக் கூடாது என்றேன். தட்டில் சட்ஸாக் களியும் கீரையும் கொண்டுபோய் நாற்காலியிலேயே கொடுத்தேன். எனக்கு வைத்த பொடிமீனையும் அவர் தட்டில் தள்ளிவிடுவேன். இருமினால் ஓடினேன், எழுந்தால் ஓடினேன். “விம்பாய் அம்மா, நான் இன்னும் சாகலை. அதுக்குள்ள என்னைச் சுவர்ல மாட்டிடாதே” என்றார். கேட்கவில்லை. நாளாக ஆக, நாற்காலியை விட்டு எழுவதற்கே அவர் இரண்டு முறை முயல வேண்டியிருந்தது.

போன வாரம் ஒரு காலை, மழைக்குப் பிறகு பார்த்தால் நாற்காலி காலி. கொல்லைப் பக்கம் மண்வெட்டிச் சத்தம். “ஷும்பா, நில்லுங்க, விழுந்துடுவீங்க!” என்று கத்திக்கொண்டே ஓடினேன். குழாயடிச் சேற்றில் விழுந்தது நான்தான்.

அப்பா வந்தார். என்னைத் தூக்கப் பார்த்தார், முடியவில்லை. மறுபடியும் பார்த்தார். பிறகு அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்து, என் முதுகைத் தன் மார்பில் சாய்த்துக்கொண்டு, தெருவே கேட்கும்படி கூவினார். டொண்டராயின் அம்மா வரும்வரை என்னை விடவில்லை.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்ட பிறகு, அதே சிஸ்டர் மேவிஸ் வந்து எனக்கும் மதிப்பெண் போட்டார். இளைத்திருக்கிறேனா, சீக்கிரம் களைக்கிறேனா என்று கேட்டார். நல்ல கையால் பிடியை இறுக்கச் சொன்னார், நடக்கச் சொன்னார். கூட்டிப் பார்த்தால், மகளே, உன் அப்பாவைவிட எனக்குத்தான் அதிகம். “ஐயாவை உட்கார வெச்சா அவர் காலு நடக்கிறதையே மறந்துடும், அம்மா. நீங்க என்னடான்னா, அவரைத் தாங்கறேன்னு உங்களையே கரைச்சிட்டிருக்கீங்க. இது தலையெழுத்து இல்ல. சாப்பிடுங்க, ரெண்டு பேரும் எழுந்து நடங்க” என்று திட்டினார்.

இப்போது அப்பா பயிற்சியாளர் ஆகிவிட்டார். காலையும் மாலையும் எதிரெதிரே நாற்காலி போட்டு, “எழு! உட்கார்! கையை ஊன்றாதே!” என்று விசில் ஊதாத குறை. என் தட்டில் முட்டையை வைத்துவிட்டு, நான் விழுங்கும்வரை பார்த்துக்கொண்டே இருக்கிறார். சைக்கிள் சாவியைக் கொடுத்துவிட்டேன்.

விம்பாய், இனி வருவது என் இடது கை எழுத்து. அப்பா கொல்லைக்குப் போயிருக்கிறார். கோணலாக இருந்தாலும் படித்துவிடு.

ஒருமுறை எலும்பு முறிந்தவளுக்கு மறுமுறை முறிவது சுலபம், அடுத்தது இடுப்பாக இருக்கலாம் என்று சிஸ்டர் என்னிடம் தனியே சொன்னார். அதை அப்பாவிடம் சொல்லவில்லை. இரவில் முற்றத்துக் கழிவறைக்கு எழுந்து போகப் பயந்து சாயங்காலமானால் தண்ணீர் குடிப்பதில்லை. சேற்றில் அவர் என்னைத் தூக்க முடியாமல் போனபோது அவர் முகத்தைப் பார்த்தேன். கை வலியை அதன் பிறகுதான் உணர்ந்தேன்.

இதையெல்லாம் போனில் அவரிடம் கேட்டுவிடாதே. வேலையை விட்டு வா என்றும் சொல்லவில்லை. உன் கைக்கு வலு குறையாதிருக்கட்டும். நீ தூக்கி உட்கார வைக்கிற அந்த முதியவர்களின் ஆசீர்வாதம் உன்னைச் சேரட்டும். பேருந்து நிறுத்தம் வரை நாங்கள் இருவரும் நடந்து வந்து உன் பெட்டியை வாங்கிக்கொள்ள முடிகிறபோதே, ஒருமுறை வந்து போ, மகளே.

உன்
அம்மா