நடுத்துண்டு சேர்ந்த நாள்

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று அப்பா சொல்லச் சொல்ல மதியம் நான்தான் எழுதினேன், அது பாதி உண்மைதான். மீதியை அப்பாவும் அம்மாவும் தூங்கிய பிறகு போர்வைக்குள் டார்ச் வைத்துக்கொண்டு எழுதுகிறேன், கையெழுத்து கோணலாக இருந்தால் திட்டாதே.

முதலில் பாலத்தைச் சொல்லிவிடுகிறேன், சொல்லாமல் இருக்க முடியவில்லை. நேற்று நடுத்துண்டைத் தூக்கி வைத்தார்கள். எங்கள் பள்ளிக்கூடம் அளவுக்கு இரும்பு, ஆற்றுக்கு மேலே அந்தரத்தில் தொங்கிக்கொண்டு மெல்ல மெல்ல ஏறியது. அப்பா பயணிகளோடு படகை நடு ஆற்றில் நிறுத்திவிட்டார். இரண்டு நாட்டுப் பாதிகளும் மயிரிழை பிசகாமல் சேர்ந்தபோது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அப்பா அண்ணாந்து பார்த்து, "பாவிப் பசங்க, என்னமா கட்டியிருக்கானுங்க!" என்றார். "உன் பொழப்புல மண்ணைப் போட்டவனுக்கே மாலை போடுவ போலிருக்கே" என்று படகிலிருந்த மீன்காரம்மா சிரித்தாள்.

அதற்குள் கடைத்தெருவில் வாடகை ஏறிவிட்டது, லாரிகள் நிற்க மைதானத்தைச் சமப்படுத்துகிறார்கள், அக்கரை சிமெண்ட் மலிவாக வருமாம். எல்லாம் நல்லதுதான். ஆனால் பாலம் திறக்கும் அன்றே படகுத்துறையை மூடுகிறார்கள். ஆற்றோரத்துக்காரர்கள் எந்தக் கரையிலும் குடியிருக்கலாம் என்ற பழைய சலுகையும் அன்றோடு சரி, இனி விசா வேண்டும் என்று இரண்டு அரசும் ஒப்பந்தம் போட்டிருக்கின்றன. நம் கரைக் குமாஸ்தா மத்தியானம்வரை வரமாட்டார் என்று அந்தக் காலத்தில் படகுக்காரர்கள் அக்கரையிலேயே அடையாள அட்டை எடுத்தார்களே, அம்மாவும் அப்பாவும் அதில் சேர்த்தி. அட்டைப்படி, இங்கே பிறந்த நீயும் நானும் இந்த நாடு, அவர்கள் அந்த நாடு! அவர்கள் அக்கரைக்குப் போய்விட வேண்டும், என்னை ஹாஸ்டலில் விடப்போகிறார்கள்.

இந்த நாட்டு அட்டை உள்ள, வயது வந்த பிள்ளை நேரில் கையெழுத்துப் போட்டால் அம்மா அப்பாவின் அட்டையையும் இந்த நாட்டு அட்டையாக மாற்றித் தருவார்களாம். எனக்கு வயது பத்தாது. "அவனுக்கு இப்பதான் வேலை நிரந்தரமாகப் போகுது, லீவு கேட்டா கெட்டுடும், மூச்சு விடாதே" என்று அம்மா என்னிடம் சத்தியம் வாங்கினாள். மீறிவிட்டேன். பயமாக இருக்கிறது அண்ணா.

ஆசீர்வாதமெல்லாம் மதியக் கடிதத்தில் இருக்கிறது, அதற்கும் எனக்கு வயது பத்தாது. வேளைக்குச் சாப்பிடு, ரயிலில் பையைத் தலைக்கு வைத்துப் படு. திறப்பு விழாவுக்குள் வந்துவிடு. வந்ததும் ஒரு தடவை அண்ணாந்து பாலத்தைப் பார், பிறகு அம்மாவிடம் என்னைக் காட்டிக்கொடு, எவ்வளவு அடித்தாலும் வாங்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் வாயாடித் தங்கை