ஒன்பது எப்படி வந்தது?

ஜார்ஜ் டவுன்,
8-8-1936

அன்புள்ள அத்தானுக்கு,

வள்ளி எழுதுகிறேன். நானும் அக்காவும் சுகம். அத்தையின் முழங்கால் வலி தேவலையா?

போன வருடம் கணக்கில் தவறிய என்னை ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் மறுபடியும் சேர்த்துக்கொண்டார்கள் அல்லவா? இங்கே ஒரு வேடிக்கை. புதிதாக வந்திருக்கும் ஜெயராஜ் சார் ஒரு கணக்குக் கொடுத்தார். ஒருவன் சைக்கிளில் மணிக்குப் பன்னிரண்டு மைல் வேகத்தில் ஓர் ஊருக்குப் போகிறான். அதே வழியில் மணிக்கு ஆறு மைல் வேகத்தில் திரும்புகிறான். அவனுடைய சராசரி வேகம் என்ன?

நான் எழுந்து, "ஒன்பது" என்றேன். தப்பு. உட்காரப் போனேன். பழைய வாத்தியாராக இருந்தால் பெஞ்சுமேல் ஏற்றியிருப்பார். இவரோ, "உட்காராதீங்க. பலகையில எழுதுங்க. ஒன்பது எப்படி வந்துச்சுன்னு எங்களுக்கும் தெரியணும்" என்றார்.

எழுதினேன். பன்னிரண்டும் ஆறும் பதினெட்டு, அதில் பாதி ஒன்பது. "இதுல எந்த வரி தப்பு?" என்று வகுப்பைக் கேட்டார். ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை! பக்கத்தில் இருக்கும் சலேஹா, "எனக்கும் ஒன்பதுதான் வந்துச்சு, வாயைத் திறக்கல" என்று காதோடு சொன்னாள். அதற்குள் மணி அடித்துவிட்டது. அழிக்க வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிப் போய்விட்டார். வீட்டுக்கு வந்தும் அதே யோசனைதான். உங்களுக்கு என்ன தோன்றுகிறது?

அன்புடன்,
புஷ்பவள்ளி


சுங்கை பாக்காப்,
16-8-1936

அன்புள்ள வள்ளிக்கு,

அம்மாவுக்கு வலி குறைந்திருக்கிறது.

விடை ஒன்பதேதான். ரப்பர் தோட்ட ஆஸ்பத்திரியில் தினமும் மருந்து கலக்கி, புண்ணுக்குக் கட்டுப் போடுகிற டிரெஸர் நான். பதினெட்டில் பாதி எனக்குத் தெரியாதா? உன் வாத்தியாரைத்தான் முதலில் படிக்க அனுப்பவேண்டும்.

அது இருக்கட்டும். நம் கல்யாணத்தைத் தை மாதத்திலேயே முடித்துவிடலாம் என்று அம்மா சொல்கிறார். எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது. ஒரு தடவை தவறியாயிற்று. மறுபடியும் தவறினால் நாலு பேர் சிரிப்பார்கள். இப்போதே நின்றுவிட்டால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. தோட்டத்தில் குடித்தனம் நடத்தச் சராசரி வேகம் எதற்கு? கோபப்படாமல் எழுது.

கார்த்திகேசு


ஜார்ஜ் டவுன்,
29-8-1936

அத்தானுக்கு,

கோபம்தான்.

முதலில் கணக்கு. ஊர் பன்னிரண்டு மைல் தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். போக ஒரு மணி நேரம், திரும்ப இரண்டு மணி நேரம். இருபத்து நான்கு மைலுக்கு மூன்று மணி நேரம். சராசரி எட்டு! மெதுவாக வருகிற வேகத்தில்தான் அவன் அதிக நேரம் இருக்கிறான். இரண்டையும் சமமாக வைத்துப் பாதியாக்கியதுதான் என் தப்பு. சலேஹாதான் கண்டுபிடித்தாள். இரண்டு வேகத்திலும் ஒரே அளவு நேரம் ஓட்டியிருந்தால் ஒன்பது சரி. "நீங்க வேற ஒரு கேள்விக்குச் சரியான பதில் சொல்லியிருக்கீங்க" என்றார் சார். இப்படியும் ஒரு வாத்தியார் பேசுவாரா?

தை மாதம் வேண்டாம். பரீட்சை ஏப்ரலில். போன வருடம் முழுவதும் என் தப்பை மறைப்பதிலேயே கழிந்தது. இப்போது அது எங்கே இருக்கிறது என்று பார்க்க ஆசையாக இருக்கிறது. நாலு பேர் சிரிப்பதற்குப் பயந்து அதை விட்டு வரமுடியாது. எட்டு என்பதில் நம்பிக்கை இல்லையென்றால் நீங்களே சைக்கிளை எடுத்துப் போய்ப் பாருங்கள்.

புஷ்பவள்ளி


சுங்கை பாக்காப்,
13-9-1936

அன்புள்ள வள்ளிக்கு,

போன ஞாயிறு நிபோங் திபால்வரை போனேன். போகும்போது சைக்கிள் பறந்தது. திரும்பும்போது வேண்டுமென்றே ஓர் அரிசி மூட்டையைக் கட்டிக்கொண்டேன். உன் வாத்தியார் தோற்கவேண்டும் என்று கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து மிதித்தேன். பாதி வழியில் இறங்கி நின்றுவிட்டேன். களைப்பினால் இல்லை. புண் கழுவுகிற மருந்துத் தண்ணீர் நினைவுக்கு வந்துவிட்டது.

அது இரண்டு விதமாக வருகிறது. ஒன்றில் நூற்றுக்கு ஐந்து பங்கு மருந்து, மற்றதில் ஒரு பங்கு. எனக்கு வேண்டியது மூன்று. ஐந்தும் ஒன்றும் ஆறு, பாதி மூன்று என்று நானாகவே கலந்துவந்தேன். ஆனால் பலமானது குறைவாகத்தான் வரும். அதனால் அதில் ஒரு புட்டிக்கு மற்றதில் மூன்று புட்டி ஊற்றுவேன். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டால் மூன்று வரவில்லை, இரண்டுதான் வருகிறது.

ரப்பர் பால் வெட்டும் பிச்சைமுத்து அண்ணனின் கால் புண் ஆறவே இல்லை. "சேத்துல நடக்காதேன்னா கேக்கமாட்டியா?" என்று அவரை எல்லார் முன்னாலும் திட்டியிருக்கிறேன்.

மாதக் கடைசியில் பெரிய டாக்டர் வருவார். நானாகச் சொன்னாலொழிய யாருக்கும் தெரியாது. சொன்னால் வேலையே போகலாம். என்ன செய்ய?

கார்த்திகேசு


ஜார்ஜ் டவுன்,
19-9-1936

அன்புள்ள அத்தானுக்கு,

பெயரும் ஊரும் சொல்லாமல் உங்கள் கணக்கை வகுப்பில் கேட்டேன். கோபிக்காதீர்கள். பாதிப் பேருக்கு மூன்றுதான் வந்தது. போன மாதம் எட்டைக் கண்டுபிடித்த சலேஹாவுக்கும் மூன்றுதான்! யாரும் சிரிக்கவில்லை. ஏன் எல்லாருக்கும் மூன்று என்று தோன்றுகிறது என்பதிலேயே பேச்சு சுவாரசியமாகப் போய்விட்டது. இனிமேல் ஒவ்வொரு புட்டியையும் தனித்தனியாக எழுதிக் கூட்டுங்கள். ஐந்து, ஒன்று, ஒன்று, ஒன்று. மொத்தம் எட்டு, நாலு புட்டிக்கு வகுத்தால் இரண்டு. மூன்று வேண்டுமானால் இரண்டிலும் சம அளவு ஊற்றவேண்டும்.

டாக்டரிடம் சொல்வதா என்று கேட்டீர்கள். இங்கே பலகைக்கு முன்னால் நிற்பதே எனக்குக் கஷ்டம். உங்களுக்கு அங்கே அதைவிடக் கஷ்டம். சொல்லுங்கள் என்று இங்கிருந்து நான் எழுதுவது சுலபம். ஆனாலும் சொல்லுங்கள், அத்தான்.

வள்ளி


சுங்கை பாக்காப்,
4-10-1936

அன்புள்ள வள்ளிக்கு,

சொல்லிவிட்டேன். டாக்டர் கத்தின கத்தலில் வரிசையில் நின்ற நோயாளிகள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். எப்படித் தப்பு வந்தது என்று அவர் கேட்கவே இல்லை. வேலை போகவில்லை. பட்டர்வொர்த் பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றல் கேட்டிருந்தேன், அது இனிமேல் கிடைக்காது.

பிச்சைமுத்து அண்ணனிடமும் சொன்னேன். "அப்போ சேறு இல்லீங்களா?" என்றார். பிறகு காலை நீட்டினார். சரியாகக் கலந்த தண்ணீரில் நானே கழுவி வருகிறேன். புண்ணின் ஓரம் காயத் தொடங்கியிருக்கிறது.

நேற்று அம்மா பஞ்சாங்கத்தோடு வந்து உட்கார்ந்தார். "தை மாசம் வேணாம்மா. வள்ளி பரீட்சை எழுதட்டும்" என்றேன்.

"இந்தத் தடவையும் பெயிலாயிட்டா?"

"எங்க தப்புன்னு பாத்துட்டு மறுபடி எழுதுவா."

"அதுவரைக்கும் நீ?"

"காத்திருக்கேன்லா."

அம்மா பஞ்சாங்கத்தை மூடி, "கல்யாணத்துக்கு முந்தியே அவ பக்கம் பேச ஆரம்பிச்சிட்டியா?" என்று சொல்லிக்கொண்டே அடுப்படிக்குப் போய்விட்டார்.

உன்,
கார்த்திகேசு