அமுதவல்லி இருந்த அறை

9 மார்ச் 2094, காலை 8.10
நிலவைச் சுற்றும் இணைய நிலையம். ஆள் நான் ஒருவன்தான்: எப்ரேம், பொறியாளர். கீழே குடியிருப்பின் இணையம் முழுவதும் என் வழியாகத்தான் போகிறது. கருவிகள் சீர். யார், எங்கிருந்து, எதைப் பார்க்கிறார்கள் என்பது மறைக்கப்பட்டிருக்கும். நீதிபதியின் உத்தரவு இல்லாமல் மறைப்பை நீக்கக் கூடாது.

காலை 10.40
இன்று எங்கள் தலைவர் படம் வெளியீடு. அதற்குள் திருட்டுப் பிரதி ஓடுகிறது. படக் கம்பெனியிலிருந்து செய்தி:
"உத்தரவு வர ரெண்டு நாளாகும் சார். அதுக்குள்ள எங்க பொழப்பு நாறிடும். நீங்களே பாத்து ஏதாவது பண்ணுங்க."
எனக்கு ரத்தம் கொதித்தது. முதல் காட்சிக்கு அடிபட்டு மிதிபட்டு டிக்கெட் வாங்கிய ரசிகன் நான். ஓசியில் பார்க்கும் இவர்களுக்கு என்ன கேடு? மறைப்பை நீக்கிவிட்டேன். இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர்களுக்கு எச்சரிக்கை தானாகவே போய்விட்டது, படம் ஓடும் அறையின் விவரத்தோடு. மனசு ஆறியது.

காலை 11.25
கீழிருந்து ஒரு பெண்ணின் செய்தி:
"அண்ணே, என் பேரு அமுதவல்லி. அடி தாங்காம புருஷன்கிட்டருந்து ஓடியாந்து பல மாசமா ஸ்டோர் ரூம்ல ஒளிஞ்சிருக்கேன். புள்ள அழுவுதேன்னு படம் போட்டேன். 'உரிமையாளருக்குத் தகவல் அனுப்பப்பட்டது'ன்னு வருதே. கனெக்‌ஷன் அவர் பேர்ல இருக்குண்ணே!"
குடும்பத்துக்கு ஒரே இணைப்பு, அதுவும் புருஷன் பெயரில். இது எனக்குத் தெரியும். என் வீட்டிலும் அப்படித்தான். யோசிக்கவே இல்லை.

காலை 11.40
காவலர்களை அழைத்தேன்.
"மறு கோடியில இருக்கோம் சார். வந்து சேர ஒரு மணி நேரமாவது ஆகும்."
கதவைப் பூட்டிக்கொள்ளும்படி அவளுக்குச் செய்தி அனுப்பினேன்.
"உள்பக்கம் பூட்டு இல்லண்ணே. வெளியில போனா எங்க பாத்தாலும் அவர் ஆளுங்க இருக்காங்க."
வெட்கமாக இருக்கிறது. ஒரு சினிமாவுக்காக ஒருத்தியைக் காட்டிக் கொடுத்திருக்கிறேன். அவள் இன்னும் என்னை அண்ணே என்கிறாள். அதைக் கேட்கக் கூசுகிறது.

பகல் 12.05
கூப்பிடுகிறேன். மறுபடியும் கூப்பிடுகிறேன். அமுதவல்லி, எடும்மா.

பகல் 12.10
செய்தி. ஆண் குரல்:
"சார், நோட்டீஸ் கெடச்சுது. தப்புதான், அபராதம் கட்டிடறேன். மாசக்கணக்கா தேடிட்டிருந்தேன் சார். உங்க புண்ணியத்துல வீடு ஒண்ணு சேந்துச்சு. ரொம்ப நன்றி."
அந்த ஸ்டோர் ரூமிலிருந்துதான் பேசுகிறான். பின்னால் குழந்தை வீறிடுகிறது. அவள் குரல் மட்டும் கேட்கவில்லை.