ஆடாத ஸ்டாண்டு

12.7.2004, திங்கள்

காலையிலிருந்தே காற்று. ஆடி பிறக்கவே இன்னும் நாலு நாள் இருக்கிறது, அதற்குள் என்ன அவசரமோ. ஸ்டுடியோ போர்டு இரண்டு தடவை கவிழ்ந்தது.

பேச்சி வேலை பார்க்கும் பட்டாசு கம்பெனியிலிருந்து ஆர்டர். ஒவ்வொரு அறையிலும் ஆட்கள் வேலை செய்வதைப் படம் எடுத்து ஆல்பம் போட வேண்டும். வடக்கேயிருந்து வரும் வியாபாரிகளுக்குக் காட்டவாம். என்னைப் பற்றிச் சொன்னது பேச்சிதான், என் வீட்டு அம்மணி. "எங்க வீட்டுக்காரரு நல்லா எடுப்பாருன்னு சொல்லிட்டேன். மானத்த வாங்கிராதீக."

போனேன். வெம்பக்கோட்டை ரோட்டில் புழுதி. போர்மேன் அண்ணாச்சி என் கேமரா ஸ்டாண்டை வாசலிலேயே மறித்துவிட்டார். "இரும்பு, அலுமினியம் எதுவும் உள்ள வரக் கூடாது. கீழ விழுந்து ஒரு பொறி தட்டுச்சுன்னா உங்களக் கூட்டித்தான் அள்ளணும்." சொல்லிவிட்டுச் சிரிப்பு வேறு.

பிளாஷ் கூடாது. பேட்டரி கேமரா கூடாது. அறைக்குள் கரண்டே கிடையாது. கதவு வெளிச்சத்தை நம்பி நாலு செகண்டு ஷட்டரைத் திறந்து வைக்க வேண்டும். இந்தக் காற்றில்!

வேண்டியவை:
மர ஸ்டாண்டு, கனமாக. திருகு எல்லாம் பித்தளை.
பெட்டியில் கிடக்கும் பழைய கேமராவைத் துடைக்க.
பருத்திச் சட்டை. நைலான் ஆகாதாம்.
பேச்சிக்கு மூட்டுவலித் தைலம்.

13.7, செவ்வாய்

விருதுநகர். வெயில் மண்டையைப் பிளந்தது.

தச்சர் கடையில் புதுத் தேக்கு ஸ்டாண்டு ஒன்று. பார்க்க லட்சணம். ஆனால் இரும்பு போல்ட். பித்தளை மாற்றிக் கொடுக்கப் பத்து நாள் கேட்டார். பழைய சாமான் கடையில் நிலம் அளப்பவர்களுடைய ஸ்டாண்டு. கால் யானைக்கால்தான், அடியில் இரும்புக் கூர்.

மூன்றாவது, மூடிக் கிடக்கும் ஒரு ஸ்டுடியோவில். ஸ்டுடியோக்காரர் போய்ச் சேர்ந்து வருசமாகிறது. அவர் மகள் பரணிலிருந்து இறக்கித் தந்தார். கறுத்த மரம், முழுக்கப் பித்தளை, என் அரை எடை இருக்கும்.

என் சோதனை எப்போதும் ஒன்றுதான். மேலே விளிம்பு வரை தண்ணீர் ஊற்றிய டம்ளர். பக்கத்தில் நின்று தரையை ஓங்கி மிதிக்க வேண்டும். தச்சர் ஸ்டாண்டில் தண்ணீர் கொட்டியது. அளவை ஸ்டாண்டில் நடுங்கியது. இதில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. வாசலில் லோடு லாரி போனது. அப்போதும் இல்லை.

"கல்யாணத்துக்கெல்லாம் இதத்தான் கொண்டு போவாரா?" என்று கேட்டேன்.

"ஐயோ, இல்லண்ணே. அதுக்கு வேற ஸ்டாண்டு. இது சாவு வீட்டுக்கு மட்டும். இறந்தவுகள நாற்காலியில சாத்தி உக்கார வச்சு எடுப்பாகள்ல, அதுக்கு."

சனியன், இதை முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா. ஆனால் அந்தத் தண்ணீர் அசையவில்லையே. வாங்கிவிட்டேன்.

14.7, புதன்

பேச்சியிடம் சாவு வீட்டுக் கதையைச் சொல்லவில்லை. பழைய ஸ்டுடியோ சாமான் என்று மட்டும் சொன்னேன். டம்ளர் சோதனையை அவளே இரண்டு தரம் செய்து பார்த்துவிட்டு, "ஆத்தாடி, மலை மாதிரி நிக்கி" என்றாள்.

ஒரே கோளாறு. மூன்று காலிலும் கத்தியால் ஒரு கோடு கீறியிருக்கிறது. எவ்வளவு முறுக்கினாலும் கொஞ்ச நேரத்தில் கால் வழுகி அந்தக் கோட்டில் வந்து நிற்கிறது. உட்கார்ந்திருப்பவர் முகத்துக்கு நேரான உயரம்.

நூல் சுற்றினேன். மத்தியானம் சாப்பிட்டு வந்து பார்த்தால் மறுபடி கோட்டில்.

16.7, வெள்ளி

ஆடி ஒன்று. படம் பிடித்தாயிற்று.

வாசலில் செருப்பைக் கழற்றி, உடம்பு மின்சாரம் இறங்கச் செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் ஒவ்வொரு அறைக்குள்ளும் போக வேண்டும். அறைக்கு நாலு பேர், அதற்கு மேல் கூடாது. நாலு செகண்டு கையை நிறுத்துங்கம்மா என்று கெஞ்சினேன். சீசன் நேரம், ஒருத்தியும் கேட்கவில்லை. "நீங்க படத்தப் பிடிங்க, நாங்க பொழப்பப் பாக்கோம்" என்றாள் பொன்னுத்தாய்.

அவள் மாற்று ஆள். யாராவது எழுந்தால் அந்த இடத்தில் உட்கார வேண்டியவள். கலந்த வெடிமருந்தை மீதம் வைக்கக் கூடாது, அன்றன்றைக்கே தீர்க்க வேண்டும், அதனால் எந்த இடமும் காலியாக இருக்கக் கூடாதாம். வாயும் ஓயாது, தொடையும் ஆடிக்கொண்டே இருக்கும். இரண்டு பிள்ளை பெற்ற பிறகும் இந்தத் துறுதுறுப்பு.

ஏழாம் அறையில் பேச்சி. மூலை இடம். ஒரு படம் எடுத்தேன். அவள் தண்ணீர் குடிக்க வெளியே போனாள். இடம் ஆறுவதற்குள் பொன்னுத்தாய் உட்கார்ந்துவிட்டாள். காற்று கதவை அடித்ததால் சந்தேகத்துக்கு இன்னொன்று எடுத்துக்கொண்டேன். ஸ்டாண்டு வழக்கம்போல கோட்டுக்கு இறங்கியிருந்தது. அப்படியே விட்டுவிட்டேன்.

17.7, சனி

காலையில் ரோலைக் கழுவினேன். மத்தியானம் அறைக்கு ஒன்றாகப் பிரிண்ட். எல்லா அறையிலும் சுவர் கத்தி போல் தெளிவு. பெண்கள் மட்டும் கலங்கல், கை இருக்கும் இடத்தில் புகை. நாலு செகண்டு ஓயாமல் அசைந்தால் அப்படித்தான் விழும்.

ஏழாம் அறையில் மூன்று பேர் கலங்கல். பேச்சி தெளிவு. முகம், விரல், விரலிடுக்கில் திரி, நெற்றியில் ஒட்டிய முடி வரை தெளிவு.

சாயங்காலம் வந்ததும் கேட்டேன். "கைய நிறுத்துனியா?"

"நிறுத்துனா கூலிய யாரு குடுப்பா? நீங்க குனிஞ்சதுலயிருந்து நிமிர்ற வரைக்கும் நாலு திரி சொருகிட்டேன்."

இவள் பொய் சொல்கிறவள் இல்லை. பயமாக இருக்கிறது.

18.7, ஞாயிறு

சாவு வீட்டுக் கதையைச் சொல்லிவிட்டேன். நாளைக்கு வேலைக்குப் போக வேண்டாம் என்றேன். அவளுக்குச் சிரிப்பு. "படம் நல்லா விழுந்ததுக்கு லீவு போடச் சொல்ற ஆள இங்கனதான் பாக்கேன்." ஸ்டாண்டை எரிக்கப் போனேன். கையைப் பிடித்து நிறுத்தி, மேலே டம்ளர் தண்ணீரை வைத்து, "உங்க பேய்க்குத் தாகமெடுத்தா குடிக்கட்டும்" என்றாள். கோபம் வந்தது. பிறகு நானும் சிரித்தேன். டம்ளரை எடுக்கவில்லை.

19.7, திங்கள்

எட்டு மணிக்குக் கம்பெனி வேனில் போய்விட்டாள். பத்து வரை பொறுத்தேன். முடியவில்லை. பைக்கை எடுத்துக்கொண்டு போய், மாமியாருக்கு உடம்புக்கு முடியவில்லை என்று வாய் கூசாமல் பொய் சொன்னேன். போர்மேன் உடனே அனுப்பிவிட்டார். அழுதுகொண்டே ஓடி வந்தாள். பாதி வழியில் உண்மையைச் சொன்னேன். முதுகில் குத்தினாள், குத்திக்கொண்டே வந்தாள். குத்தட்டும். உயிரோடு பின்னால் உட்கார்ந்திருக்கிறாள், அது போதும். அம்மா தாயே, அது போதும்.

11.20. அவள் உலை வைக்கிறாள், பாத்திரம் பறக்கிறது. நான் நிம்மதியாக மிச்ச பிரிண்ட் போட உட்கார்ந்தேன். ஏழாம் அறையின் இரண்டாவது படம்.

மூன்று பேர் கலங்கல். மூலை இடத்தில் பொன்னுத்தாய். ஒரு நொடி சும்மா இருக்காத பொன்னுத்தாய், பேச வாய் திறந்தபடி, அப்படியே, கல்லாக.

குறி பேச்சிக்கு இல்லை. அந்த இடத்துக்கு.

வெளியே வந்து கேட்டேன். "ஒன் இடத்துல இப்ப யாரு இருக்கா?"

"வேற யாரு? பொன்னுத்தாயிதான். பாதி மருந்த அப்படியே விட்டுட்டா வர முடியும்?"

11.40. கம்பெனிக்குப் போன் போட்டேன். மணி அடிக்கிறது, எடுக்கவில்லை. மறுபடி போட்டு, காதில் வைத்துக்கொண்டே எழுதுகிறேன். எடுத்தால் என்ன சொல்வது? படம் தெளிவாக இருக்கிறது, அவளை எழுப்புங்கள் என்றா? சொல்வேன். சிரித்தால் சிரிக்கட்டும். எடுங்க அண்ணாச்சி.

பேச்சி கரண்டியோடு நடையில் நிற்கிறாள். ஸ்டாண்டு மேல் நேற்று வைத்த டம்ளரைப் பார்க்கிறாள்.

"ஏங்க, தண்ணி அசையுது."