மாடியிலிருந்து தெரிகிற அருவி

ஆடி 5, ஞாயிறு

எழுதவே வெட்கமாக இருக்கிறது: லுங்கியோடு ஹெட்போன் மாட்டிக்கொண்டு, புதுச் சம்பந்தி முன்னால் விமானி மாதிரி அறிவிப்பெல்லாம் செய்தேன். குத்துக்கல்வலசை வீட்டு மொட்டைமாடியிலிருந்தே குற்றாலம் அருவி தெரியும் என்று கல்யாணப் பேச்சில் அளந்திருந்தேன். அதைக் கம்ப்யூட்டர் விமான விளையாட்டில் நிரூபிக்கப் பார்த்தேன்.

கண்றாவி. தென்காசிக் கோபுரம் ரேஷன் கடை உயரம்தான் இருந்தது. பக்கத்துத் தென்னை அதைவிட இரண்டு மடங்கு. அருவியோ பாறையில் வழித்த சுண்ணாம்பு. என் வீட்டுக்கு மேல் தாழப் பறந்தால் அந்தச் சுண்ணாம்பையும் காணோம். குறுக்கே ஒரு குன்று.

“அண்ணாச்சி, அருவிய எங்க ஒளிச்சு வச்சிருக்கிய?” என்றார் சம்பந்தி.

“அளவு தெரியாத பய எவனோ குன்ற இங்கன கொண்டாந்து வச்சிருக்கான்” என்றேன்.

அவர் மாடிப்படியைப் பார்த்தார். சாரலில் வழுக்கும் என்று தடுத்துவிட்டேன்.

அவர் போனதும் ஏறிப் பார்த்தேன். கோபுரத்தைக் கெடுத்த பாவி, குன்றை மட்டும் சரியான இடத்தில் வைத்திருக்கிறான்.