பிளஸ் கீக்கு வேறு வேலை

ஜனவரி 8, திங்கள்

காலையிலிருந்து மூடுபனி. ஆபீசில் பகலிலும் லைட். விபத்துக்குப் பிறகு முதல் நாள் வேலை. வாழவந்தி ரோட்டில் ஸ்கூட்டரோடு விழுந்து ஒடிந்த கை. கட்டுப் பிரித்தாயிற்று. இடது விரல்கள் மட்டும் மடங்கவில்லை, எதையும் அழுத்தவும் வரவில்லை.

எங்கள் மலைக் காப்பி எஸ்டேட்டின் கணக்கு முழுக்க உள்ளறையில், யூனிக்ஸ் என்னும் பெரிய கம்ப்யூட்டரில். என் மேஜை பி.சி. அதற்கு வெறும் திரையும் கீபோர்டும்தான். அப்படி நடந்துகொள்ள எமுலேட்டர் என்று ஒரு புரோகிராம். பில் சேவ் ஆக, கன்ட்ரோலை அழுத்திக்கொண்டே P தட்ட வேண்டும். இந்தப் பழைய கீபோர்டில் கன்ட்ரோல் ஒன்றுதான், இடது ஓரத்தில். P வலது கோடியில். ஒரு கைக்கு எட்டாது. வலது கையால் கன்ட்ரோலை அழுத்தி, பேனாவைப் பல்லில் கடித்து P-யைக் குத்தினேன். மேனேஜர் பார்த்துவிட்டார்.

"ஏம்மா செல்வி, எதுக்கு இந்தப் பாடு? கொட்டை பொறுக்குற ஷெட்டுக்குப் போயிருங்க. சேலத்துலிருந்து வேற பொண்ணு வெள்ளிக்கிழம வருது."

குரலில் பரிதாபம். திட்டியிருந்தால் தேவலை.

போக மாட்டேன்.

ஜனவரி 9, செவ்வாய்

கடுங்குளிர். எமுலேட்டரோடு வந்த புத்தகம் பீரோவில் கிடைத்தது, உறைகூடப் பிரிக்காமல். எந்தக் கீயைத் தட்டினால் யூனிக்ஸுக்கு என்ன போக வேண்டும் என்று ஒரு ஃபைலில் நாமே எழுதலாமாம்! எண் கட்டத்து பிளஸ் கீயை இங்கே யாரும் தொடுவதில்லை. அதற்கு கன்ட்ரோல்-P வேலையைக் கொடுத்தேன்.

தட்டினால் பில் நடுவில் ^P என்று எழுத்து விழுகிறது. சேவ் இல்லை.

பக்கத்து மேஜை வசந்தா அக்கா: "நொம்ப நோண்டாத கண்ணு. மெஷின் கெட்டா உன் தலையிலதான் விழும்."

விழட்டும்.

வாங்க வேண்டியவை: வெல்லம், மஞ்சக் கொத்து, அம்மாவுக்குத் தைலம்.

ஜனவரி 10, புதன்

அம்மா காலையிலேயே: "ஊட்டோட இரு சாமி." நான் பஸ் ஏறினேன்.

தப்பு பிடிபட்டது. கன்ட்ரோல்-P-க்கென்று ஒரு எண் இருக்கிறது. ஃபைலில் அந்த எண்ணைப் போட வேண்டும், எழுத்தை அல்ல. போட்டேன். பிளஸ். சேவ்! நான் கத்தியதில் வசந்தா அக்கா டீயைக் கொட்டிவிட்டார். வரி அழிக்க ஸ்டார் கீ. அதுவும் ஆயிற்று.

ஜனவரி 12, வெள்ளி

வெயில். சேலம் பெண் வந்துவிட்டாள். மேனேஜர் அவளை என் நாற்காலி அருகே நிறுத்தி, "எந்திரிங்க செல்வி" என்றார்.

"இந்த பில்லுகளோட லாரி அடிவாரம் எறங்கோணுமுங்க. பில்லை முடிச்சுட்டு எந்திரிக்கிறனுங்க."

ஒரே கை. பில் மேல் பில். இருவரும் நின்று பார்த்தார்கள். நிற்கட்டும் என்று நிதானமாகவே போட்டேன், ஒன்றிலும் தப்பில்லை.

அந்தப் பெண்தான் முதலில் பேசினாள்: "அக்கா, அந்த பிளஸ் எனக்கும் வெச்சுத் தர்றீங்களா?"

மேனேஜர் தொண்டையைச் செருமினார். "சரி, இங்கயே இருங்க. இந்தப் பொண்ணு ஸ்டோர் கணக்கப் பாக்கட்டும். ஆனா கீயெல்லாம் பழையபடி மாத்திருங்க. ஆபீஸ்னா ஒரே மாதிரி இருக்கோணும்."

"மாத்த மாட்டனுங்க."

"ஏனுங்க, சொன்னாக் கேக்க மாட்டீங்களா?"

"என் கை பழையபடி ஆகட்டுமுங்க சார். அன்னைக்கே மாத்திடறேன்."

மேனேஜர் அந்தப் பெண்ணை ஸ்டோருக்குக் கூட்டிக்கொண்டு போனார். அடுத்த பில்லை எடுத்தேன்.