கீழ்வீட்டு முயல்

தம்பி,

உன்னை எழுப்பினால் கத்திவிடுவேன், அதனால் எழுதுகிறேன். சாவி செருப்பு அலமாரி மேல் இருக்கிறது.

நேற்று கீழ்வீட்டு அம்மா என்னைப் படியில் நிறுத்தி, "உங்க தம்பி தினமும் கொடுக்கிற கீரையில எங்க முயல் எப்படிக் கொழுத்துப்போச்சு பாருங்க" என்று சிரித்தார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

நம் தெருவில் காய்கறிக் கடையே கிடையாது. வேலை முடிந்து, இரண்டு பஸ் மாறிப் போய், சந்தை மூடுகிற நேரத்தில் மிச்சம் மீதியைப் பொறுக்கிக்கொண்டு வருகிறேன். மதியம் எனக்கு வெறும் ரொட்டியும் டீயும்தான். உனக்கென்று கீரையை நறுக்கி வைத்துவிட்டுப் போனால், வதக்கிச் சாப்பிட்டதாகச் சொல்கிறாய். உப்பு போதுமா என்று கேட்டதற்குக்கூட, "கரெக்டா இருந்துச்சுக்கா" என்றாய். நீ தேறிவிட்டாய் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

வேலை போனதிலிருந்து சோறு இறங்கவில்லை என்றால் அதைச் சொல்லியிருக்கலாம். அதற்கு டாக்டரைப் பார்க்கலாம். பொய்க்கு நான் யாரைப் பார்ப்பது?

அக்கா

இடமில்லை, ஓரத்தில் எழுதுகிறேன்: இன்றைக்குக் கீரையை நானே வதக்கி மூடி வைத்திருக்கிறேன். முயல் தொடாது. உப்பு எப்படி இருந்தது என்று வந்து கேட்பேன்.